தேக்கைச் சுற்றிய கம்பி

வடகரை
19 ஜனவரி 2025, ராத்திரி

அண்ணா,

இந்தக் கடிதம் கிடைத்தது என்று போனில் சொல்லிவிடாதே. நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன். உன் முகாம் முகவரியை, தீபாவளிக்கு அம்மா முறுக்கு அனுப்பிய பார்சல் ரசீதிலிருந்து எடுத்தேன். பதிலை வீட்டுக்குப் போடாதே. என்னோடு பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பெர்சிஸின் அம்மா சுஜிதா ஆன்ட்டி, தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பேனா, நோட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். அந்த முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன். பெர்சிஸிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அண்ணன் கடிதம் என்றுதான் சொன்னேன். அவள் நம்பவில்லை. வேறு ஏதோ நினைத்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நீ சொன்னபடியே அப்பா நம் வயலில் தேக்கு வைத்திருக்கிறார். வரிசைக்கு நடுவில், நீ சொன்னபடியே மரச்சீனிக் கிழங்கும் ஊன்றியிருக்கிறார். கார்த்திகையில் கிழங்கு திரள ஆரம்பித்ததும் மலையிலிருந்து பன்றி இறங்கியது. கிழங்கைத் தோண்டும்போது பக்கத்துத் தேக்கங்கன்றையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறது. பொங்கலுக்கு முன்னால் அப்பா தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கம்பி கட்டினார். ராத்திரி அதற்குக் கரண்டு விடுகிறார்.

அது இருக்கட்டும் அண்ணா. காலையில் அதை அணைக்கிற வேலை எனக்கு. அப்பா பன்றியைப் பார்த்துக்கொண்டு நடுராத்திரி வரை முழித்திருக்கிறார். பிறகு அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிடுகிறார். அம்மாவுக்கு மிக்ஸியில் ஷாக் அடித்ததிலிருந்து சுவிட்ச் என்றாலே பயம்.

“நீதான் படிக்க எந்திக்கியே பிள்ள. அப்படியே மோட்டார் ரூமுக்குப் போயி அமத்திட்டு வந்துரு” என்றார் அப்பா. தண்ணீர் மோந்து வா என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

விடிவதற்கு முன்னால் ஆட்கள் நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். பால்காரர் வருவார். வாய்க்கால் மடை திறக்கிற பலவேசம் அண்ணாச்சி வருவார். அதற்குள் நான் எழுந்துவிட வேண்டும். எழுந்துவிடுவேனா என்ற பயத்திலேயே எனக்குத் தூக்கம் வருவதில்லை. தூக்கம் வராததால் காலையில் கண்ணைச் சொருகுகிறது.

போன வாரம் ஒரு பன்றி அந்தக் கம்பியில் அடிபட்டுச் செத்தது. யாருக்கும் தெரியாமல் கறி பங்கு பிரித்தார்கள். அம்மா குழம்பு வைத்தாள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

நீயாகவே யோசித்துக் கேட்கிற மாதிரி, கம்பியை எடுக்கச் சொல்லி அப்பாவிடம் சொல். நான் எழுதியது தெரியவே கூடாது.

அனுசியா


6 பிப்ரவரி 2025

ஏட்டி அனு,

கடிதத்தைப் பார்த்ததும் பதறிப்போனேன், அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று. படித்து முடித்த பிறகு சிரிப்பு வந்தது. கோபப்படாதே.

அந்தக் கம்பி நான் பணம் அனுப்பி அப்பா வாங்கிப் போட்ட சோலார் வேலி. பேட்டரியில் ஓடுவது. தொட்டால் சுருக்கென்று ஒரு உதை உதைக்கும், அவ்வளவுதான். பன்றி அந்த அதிர்ச்சியில் பள்ளத்தில் விழுந்து கழுத்தை ஒடித்திருக்கும். போலீஸில் ஏட்டையா வேலை பார்த்து ரிட்டயர் ஆன மனுஷனுக்கு எது சட்டம், எது இல்லை என்று தெரியாதா?

அப்பா அனுப்பிய போட்டோவை இங்கே எல்லோருக்கும் காட்டினேன். கன்று தோளுக்கு வந்துவிட்டது. எனக்கு இன்னும் பதினாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. நான் இங்கே பனியில் நிற்கிற காலமெல்லாம் அந்த மரமும் அங்கே நிற்கும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது அது என் இடுப்பளவு திரண்டிருக்கும். யாரிடமும் போய் வாட்ச்மேன் வேலை கேட்க வேண்டாம். ராத்திரி டியூட்டியில் கால் மரத்துப்போனால் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். நெல்லை விட்டுவிட்டு எவனாவது வயலில் தேக்கு வைப்பானா என்று அப்பா என்னோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது அவரே ராத்திரி முழித்திருந்து காக்கிறார் என்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நீ பயப்படாமல் படி. காலையில் எழுந்து ஒரு நடை போனால் உடம்புக்கும் நல்லதுதான்.

உன் அண்ணன்
கணேசமூர்த்தி


வடகரை
16 பிப்ரவரி 2025

அண்ணா,

நீ சிரிப்பாய் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.

அது சோலார் வேலி இல்லை. சோலார் வேலி வாங்கவே இல்லை. முதலில் வைத்த தேக்கு முழுவதும் அழுகிப்போய்விட்டது. பென்சில் மாதிரி வெட்டின வேர்க்குச்சிகளைத்தான் முதலில் நட்டார். நெல் போட்ட வயல் இல்லையா, முந்தின வருஷத்து ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் நின்றது. நெல்லுக்கு நிற்கிற மாதிரி தேக்குக்கும் நிற்கட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். பிடுங்கிப் பார்த்தபோது வேர் குழைந்து நாறியது. அப்புறம் வடிகால் வெட்டி, மேடு கட்டி, பையில் வளர்த்த கன்றாக வாங்கி இரண்டாவது முறை வைத்தார். நீ வேலிக்கு என்று அப்போதே அனுப்பியிருந்த பணம் அதில்தான் போனது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். நீ எல்லோருக்கும் காட்டிய போட்டோ புளியரைப் பக்கம் வேறு யாரோ ஒருத்தரின் தோட்டம். நம் கன்று என் இடுப்புக்குக்கூட வரவில்லை.

இந்தக் கம்பிக்கு மோட்டார் ரூம் லைனிலிருந்து நேராகக் கரண்டு போகிறது. தொட்டால் உதைக்காது, விடாது.

புதன்கிழமை நான் தூங்கிவிட்டேன். கண் முழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பலவேசம் அண்ணாச்சி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வரப்பில் வந்துகொண்டிருந்தார். மடைக்குப் போக வேண்டும் என்றால் நம் கம்பியைத் தாண்டித்தான் போக வேண்டும். பீடி பற்றவைக்க நின்றார். தீக்குச்சி நமுத்துப்போயிருந்தது. ஒவ்வொன்றாக உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் நான் போய் அணைத்துவிட்டேன்.

வெளியே வந்து மூச்சு வாங்க நின்றபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னட்டி, பேயக் கண்ட மாதிரி ஓடி வார? இங்கன உங்க அப்பன விட்டா வேற பேய் கெடையாதே.”

“மோட்டார் போட வந்தேன் அண்ணாச்சி.”

“வாய்க்கா நெறையத் தண்ணி போவுது, மோட்டார் எதுக்கு? ஏட்டையாவுக்குப் பென்சன் காசு கரண்டு பில்லாத்தான் போவும்போல.”

பேசிக்கொண்டே கம்பியைக் காலால் மிதித்துத் தாண்டிப் போனார். அண்ணா, மிதித்துத் தாண்டினார்.

நான் மோட்டார் ரூமுக்குத் திரும்பிப் போய், சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தேன். பிறகு குளித்துவிட்டு ஸ்கூலுக்குப் போனேன்.

இப்போதும் சிரிப்பு வந்தால் எனக்கு எழுதாதே.

அனுசியா


4 மார்ச் 2025

அனு,

சிரிக்கவில்லை.

கடிதம் வந்த அன்றே மலையிலிருந்து கீழே இறங்கி போன் போட்டேன். நீ ஸ்கூலில் இருந்திருப்பாய். “சோலார் வேலி எப்படி இருக்குப்பா” என்று கேட்டேன். “பிரமாதமா இருக்குலே, பன்னி எட்டிப் பாக்கல” என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சரிப்பா என்று வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதே.

இங்கேயும் தொடக்கூடாத வேலிகள் உண்டு. போர்டு உண்டு, விளக்கு உண்டு, மாற்றி மாற்றி ஆள் நிற்கிறோம். அங்கே பதினாறு வயசுப் பிள்ளை ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார்.

யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். மின்வாரியத்துக்குச் சொன்னால் அப்பா மேல் கேஸ் வரும். பென்சன் போகும். சொல்லாமல் விட்டு ஒரு உயிர் போனாலும் அதே கேஸ், அதோடு அந்த உயிர். நான் நேரே கேட்டால் நீதான் சொன்னாய் என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். வேறு யார் எனக்கு எழுதப் போகிறார்கள்?

நீ இனிமேல் போகாதே. முடியாது என்று சொல்லிவிடு. அல்லது அப்பா தூங்கியதும் போய் அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொள். பன்றி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. பன்றிக்குத் தேக்கு மேல் ஆசை கிடையாது. அது வருவது கிழங்குக்கு. மரம் விளைகிற வரைக்கும் கைச்செலவுக்கு ஆகும் என்று ஊடுபயிர் போடச் சொன்னது நான்தான். யாரோ ஒருத்தன் வீடியோவில் சொன்னதைக் கேட்டுச் சொன்னேன். அவன் ஊரில் பன்றி கிடையாதுபோல. கிழங்கை இப்போதே பிடுங்கிவிட்டால் கம்பியே வேண்டாம். அம்மாவை விட்டுச் சொல்லிப் பார்.

கணேசன்


வடகரை
15 மார்ச் 2025

அண்ணா,

நீ சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

முடியாது என்று சொன்னேன். பரீட்சை வருகிறது, காலையில் படிக்க வேண்டும் என்றேன். “செரி, நானே பாத்துக்கிடுதேன்” என்றார். மறுநாள் வெயில் வந்த பிறகுதான் எழுந்தார். அதுவரை கம்பியில் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை அன்றைக்கு மடை திறக்கிற நாள் இல்லை. நான் போகாவிட்டால் யாரும் போகமாட்டார்கள் என்று தெரிந்துபோனது. திரும்பவும் நானே போகிறேன்.

அப்பா தூங்கிய பிறகு ராத்திரியே போய் அணைத்தும் பார்த்தேன். இரண்டாம் நாள் பன்றிக் கூட்டம் வந்து கிழக்கு வரிசையைக் கிண்டிப் போட்டுவிட்டது. தேக்கங்கன்று நிறையச் சாய்ந்து கிடந்தது. அப்பா என்னை அடிக்கவில்லை. சாய்ந்த கன்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தார். “உன் அண்ணன் பனியில கெடந்து அனுப்புன ரூவாட்டி இது” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே மோட்டார் ரூம் கூரையில் ஒரு சிவப்பு பல்ப் மாட்டிவிட்டார். லைன் ஓடினால் அது எரியும். படுக்கையில் இருந்தே தலையைத் தூக்கிப் பார்க்கிறார். ராத்திரி எந்த நேரம் முழிப்பார் என்று தெரியாது.

கிழங்கைப் பிடுங்க அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கிற பெலிக்ஸ் அண்ணாச்சிக்குப் பேசி வைத்தாயிற்றாம். சீசனுக்கு அருவிக்குக் கூட்டம் வரும்போதுதான் அவர் எடுப்பார். அதற்கு முன்னால் பிடுங்கினால் வாங்க ஆள் இல்லை.

இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று வந்திருக்கிறது. பங்குனி உத்திரம் வருகிறது. நம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் சாஸ்தா கோயில் இருக்கிறதே, அந்தச் சாஸ்தாவைக் கும்பிடுகிற குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வரும். சென்னை, திருப்பூர் என்று போனவர்கள் எல்லாம் குழந்தை குட்டியோடு, பொங்கல் பானையோடு முந்தின ராத்திரியே வருவார்கள். போன வருஷம் நம் வரப்பு வழியாகத்தான் வந்தார்கள். அவர்களுக்குக் கம்பி இருப்பது தெரியாது.

அப்பாவிடம் கேட்டேன். “உத்திரத்தன்னைக்கு அமத்திருவோம், நீ பேசாம படி” என்றார். முந்தின ராத்திரி? அதற்கு முந்தின ராத்திரி? சிலர் பந்தல் போட முன்கூட்டியே வருவார்களே? “எல்லாம் எனக்குத் தெரியும்” என்றார்.

வகுப்பில் தூங்கிவிழுந்தேன் என்று டீச்சர் எழுப்பி நிற்க வைத்தார்கள். நின்றுகொண்டே தூங்கினேன். பெர்சிஸ் கிள்ளினாள். “அவனையே நெனச்சுட்டு ராத்திரி முழிச்சிருக்கியாட்டி” என்று கேட்கிறாள்.

ஏதாவது செய் அண்ணா. எனக்கு இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை.

அனுசியா


25 மார்ச் 2025

அனு,

இதோடு அப்பாவுக்கும் தனியாக ஒரு கடிதம் வீட்டு முகவரிக்குப் போட்டிருக்கிறேன். அது வரும்போது நீ ஒன்றும் தெரியாதவள் மாதிரி இரு. அதில் எழுதியதை உனக்கும் எழுதுகிறேன்.

“அப்பாவுக்கு, உத்திரத்துக்குச் சாஸ்தாவைக் கும்பிட்டு நாலு வருஷம் ஆகிறது. லீவு கேட்டிருக்கிறேன். எந்தத் தேதியில் விடுவார்கள் என்று தெரியாது. விட்டதும் கிளம்பிவிடுவேன். வழியில் போன் பேச முடியுமோ என்னவோ. கொல்லம் ரயிலில் வந்தால் தென்காசியில் விடியற்காலம் இருட்டோடு இறங்குவேன். உங்களை எழுப்ப வேண்டாம். வாய்க்கால் வரப்பு வழியாக நடந்து வந்து, தேக்கங்கன்றை முதலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். உத்திரத்துக்கு முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். எந்த ராத்திரியும் வருவேன்.”

இதுதான். இதில் உன் பெயர் இல்லை, கம்பியும் இல்லை.

லீவு கேட்கவே இல்லை அனு. உத்திரத்துக்கு விடமாட்டார்கள் என்று தெரியும். மே மாதக் கடைசியில் எனக்கு முறைப்படி லீவு உண்டு, அப்போது நிஜமாகவே வருவேன். அதுவரைக்கும் நான் மேலே போஸ்டில் இருப்பேன், போன் எடுக்காது. அப்பா கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப் என்றுதான் வரும். ரயிலில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

இது சரியா என்று தெரியவில்லை. கடிதத்தை ஒட்டிய பிறகு திரும்பப் பிரித்துப் படித்தேன். பெத்த தகப்பனைப் பயமுறுத்துகிற கடிதம். ஆனால் நீ ஒருத்தி பயந்துகொண்டிருப்பதற்கு, அவரும் கொஞ்சம் பயந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அது கிடைக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்.

கணேசன்


வடகரை
14 ஏப்ரல் 2025

அண்ணா,

உத்திரம் முடிந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

உன் கடிதம் உத்திரத்துக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது வந்தது. அப்பா அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். வாய்க்கால் வரப்பு என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். அப்புறம் மனசுக்குள் படித்தார். அம்மா, “என்ன எழுதிருக்கான், வாய் விட்டுப் படிங்களேன்” என்றாள். “வாரானாம்” என்றார். உனக்குப் போன் போட்டார். திரும்பத் திரும்பப் போட்டார்.

அன்றைக்கு ராத்திரி மோட்டார் ரூமுக்குப் போனார். ரொம்ப நேரம் உள்ளே நின்றார். பல்ப் எரியவில்லை. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பன்றி வந்தது. தகரத்தைத் தட்டினார், கல்லை எறிந்தார். ஒரு பக்கம் விரட்டினால் இன்னொரு பக்கம் வருகிறது. விடியும்போது மேலெல்லாம் சேறாக வந்தார். மறுநாளும் அப்படித்தான். நான் அன்றைக்குத்தான் ஜனவரிக்குப் பிறகு முழு ராத்திரியும் தூங்கினேன். எழுந்தபோது, எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உத்திரத்துக்கு முந்தின ராத்திரி நிறையப் பேர் வந்தார்கள். திருப்பூர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய. வேனை ரோட்டில் நிறுத்திவிட்டு நம் வரப்பில் இறங்கி நடந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை கம்பியைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டியது. “ஏலே, அங்கன என்ன வேல, கைய எடு” என்று அப்பா கத்தினார். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குக் கோபம். “என்ன அண்ணாச்சி, சும்மா கெடக்க கம்பிக்கு இந்தப் பாடு படுத்துதீங்க?” என்றாள். அப்பா டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுத் தேடினார்.

உத்திரம் முடிந்த மறுநாள் அம்மா ஆரம்பித்தாள். பன்றி பாதிக் கிழங்கைத் தின்றுவிட்டது. தேக்கும் ஏகமாகச் சாய்ந்துவிட்டது. “உத்திரந்தான் முடிஞ்சிட்டுல்லா. அவன் இனி எங்க வரப் போறான்? லீவு கெடச்சிருக்காது. கம்பியப் போடுங்க.”

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அவன் வரமாட்டான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார். “அவன் என்னைக்குட்டி வாய்க்கா வழியா வந்துருக்கான்? நாய்க்குப் பயந்த பய. தென்காசியில எறங்குனா ஆட்டோ இல்லாம ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டான். தேக்கத் தொட்டுப் பாக்கானாம், தேக்க.”

“அப்பம் போட வேண்டியதுதான?”

“பொய்யின்னு தெரியுது. போடக் கை வரமாட்டேங்கு.”

பலவேசம் அண்ணாச்சி மடைக்கு வருகிற வழி என்று தெரிந்தும் கரண்டைப் போட வந்த கை அது. நான் இருட்டில் போய் அணைத்துவிட்டு வர வேண்டும் என்று தெரிந்தும் வந்த கை. உனக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. இதை உன்மேல் கோபத்தில் எழுதவில்லை. யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

கை கழுவ எழுந்தபோது என் பக்கத்தில் நின்றார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். “நல்லாத் தூங்குதியா?” என்று மட்டும் கேட்டார். ம் என்றேன். போய்விட்டார். தெரிந்துவிட்டதோ என்னவோ.

பெலிக்ஸ் அண்ணாச்சியிடம் கிழங்கை இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்லி அப்பா நேற்று குற்றாலம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். சீசன் தொடங்காமல் எடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டாராம். அருவியில் தண்ணீர் விழ ஜூன் ஆகும். அதுவரைக்கும் கிழங்கு மண்ணில்தான் கிடக்கும். பன்றியும் வரும். கம்பியை அப்பா கழற்றவில்லை, அப்படியே இருக்கிறது.

மே மாதக் கடைசியில் நிஜமாகவே வருவேன் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ வந்தால் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போவாய். நீ ரயில் ஏறிவிட்டாய் என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரி அந்த வரப்பில் வருவதற்கு அப்பாவுக்கு யாரும் இருக்கமாட்டார்கள், கம்பியில் கரண்டு விட்டுவிடுவார். நீ வராமல் இருக்கிற வரைக்கும்தான் எந்த ராத்திரியும் வருவாய்.

அம்மா உனக்கு வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. நீ கடைசியாக வந்துபோன பிறகு உன் முகம் போட்டோவில் இருக்கிற மாதிரிதான் ஞாபகம் வருகிறது.

இருந்தாலும் லீவு எடுக்காதே அண்ணா. கிழங்கு பிடுங்கி முடிகிற வரை வராதே. வருகிறேன் என்று மட்டும் அப்பாவுக்கு எழுதிக்கொண்டே இரு.

அனுசியா